விளக்குப் போடச் சொன்னதற்கு வீட்டை இடித்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரத்திலிருந்து தங்கள் வீட்டு விருந்தினர் அறையில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாகத்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என் கவலையே அதுதான். அவள் அங்கே கொஞ்சம் சிரமப்பட்டால் தேவலை என்று எழுதத்தான் கை வருகிறது. தங்கள் வீட்டு உபசரிப்பை நினைத்து அப்படி எழுதவில்லை.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. தாங்கள் அவளிடம் இரண்டு வார்த்தை இதமாகப் பேசி என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பி வைக்க வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். தாங்கள் சொன்னால் கேட்பாள். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பிறகு சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. தவிர, அவள் தங்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியாது. "விளக்குப் போடச் சொன்னேன், வீட்டை இடிச்சுட்டார்" என்று சொல்லியிருப்பாள். அது உண்மைதான். ஆனால் உண்மையை அப்படி மொட்டையாகச் சொன்னால் கேட்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் கதை இருக்கிறது.

இதில் மாப்பிள்ளையைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். அதில் அவர் கெட்டிக்காரர். எல்லாம் தங்கள் புது வீட்டு வாசலில் பதித்திருக்கிற அந்தப் பித்தளைத் தகட்டில்தான் ஆரம்பித்தது. பசுமைச் சான்றுக்கு அடையாளமாக மூன்று இலை போட்ட தகடு. நான் வரும்போதெல்லாம் செருப்பு விடுகிற இடத்தைக் காட்டுகிற சாக்கில் தாங்கள் அதைத்தான் காட்டுவீர்கள். நான் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஊரில் எவன் வீட்டில் எவ்வளவு எரிகிறது என்று பார்த்துப் பார்த்தே முடி நரைத்தவன், எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு 'இருட்டு வீடு' என்றே பேர், கூரியர்க்காரர்கூட அப்படித்தான் வழி கேட்டு வருகிறார். அப்படிப்பட்டவன் வாசலில் ஒரு தளிர்கூட இல்லை, விருந்தாளி வந்தால் மாடிப்படிக்கெல்லாம் விளக்கு எரிகிற தங்கள் வாசலில் மூன்று இலை என்றால், எனக்கு வயிறு எரியுமா எரியாதா? வயிறு எரிவதற்கு மட்டும் யூனிட் கணக்கு கிடையாது என்பதால் நானும் தாராளமாக எரியவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பூச்சுக்கட்டி பெயர்ந்து, சாப்பிட உட்கார்ந்த என் தட்டில் விழுந்தது. என்ன விழுந்தது என்று இருட்டில் தெரியவில்லை, கடித்த பிறகுதான் தெரிந்தது. வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதைப் புதுப்பிப்பதா என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளையை அழைத்துக் கேட்டேன். அவர் நாற்காலியை வெளிச்சமான இடமாகப் பார்த்து, அதாவது வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, பொறுமையாக விளக்கினார்.

"மாமா, புதுசாக் கட்டினா கம்ப்யூட்டர்ல அதே அளவுக்கு ஒரு சாதாரண வீட்டைப் போட்டுப் பார்ப்பாங்க. நிஜத்துல அப்படி ஒரு வீடு இருக்காது. அது எரிக்கிற கரண்டுல பாதியைத்தான் உங்க வீடு எரிக்கணும். பழைய வீட்டைப் புதுப்பிச்சீங்கன்னா அவ்வளவு கறார் கிடையாது. பழைய வீட்டைத் திசை மாத்தி வைக்க முடியாது, ஜன்னல் இருக்கிற இடத்துலதான் இருக்கும், போனாப் போகுதுன்னு விட்டுடுவாங்க. போன வருஷம் நீங்க எரிச்சதுல அஞ்சுல ஒரு பங்கு குறைச்சுக் காட்டினாப் போதும். அதே இலைதான்."

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் சலுகை என்று ஒரு சொல் காதில் விழுந்தால் யோசிக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. பழசுக்குத்தான் மரியாதை என்று மகிழ்ந்துபோனேன். தங்கள் வீடு, நிஜத்தில் இல்லாத வீட்டோடு பந்தயம் ஓடி முதலில் வந்த வீடுதானே, என் வீடு நிஜமான வீட்டோடு ஓடப்போகிறது என்று என் மனைவியிடம் பெருமையாகவும் சொன்னேன். மன்னிக்க வேண்டும், வாய்க்கொழுப்பு. மேஸ்திரியைப் பிடித்தேன். நல்ல வேலைக்காரர். கூரையை ஒட்டுப் போட்டு, மேலே வெயில் இறங்காத வெள்ளைப் பூச்சு அடித்து, இடுக்கு விழுந்த ஜன்னல்களை மாற்றி, சுவரெல்லாம் புதிதாகப் பூசிக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை போன வருஷத்துப் பில்களைக் கேட்டார். பரிசு வாங்கப் போகிற பையனைப் போல நிமிர்ந்து நடந்துபோய் எடுத்து வந்து கொடுத்தேன்.

அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"மாமா, மீட்டர் ரிப்பேரா?"

"தினம் துடைச்சு வைக்கிறேன் மாப்பிள்ளை. அது தங்கமான மீட்டர்."

"இல்ல, இதுல இன்னும் அஞ்சுல ஒரு பங்கு குறைக்கணும்னா நீங்க ஃப்ரிட்ஜைத்தான் நிறுத்தணும்."

என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அது எப்பவோ நின்னாச்சு மாப்பிள்ளை. உள்ள போர்வை மடிச்சு வச்சிருக்கேன்."

ஆக, நிலைமை இதுதான். ஊதாரியாக இருந்தவன் திருந்தினால் இலை கொடுப்பார்கள். முதலிலிருந்தே ஒழுங்காக இருந்தவனுக்குத் திருந்த இடம் இல்லை, ஆகவே இலையும் இல்லை. ஆயுள் பூராவும் பார்த்துப் பார்த்து அணைத்த ஒவ்வொரு விளக்கும் வரிசையாக வந்து என் எதிரே நின்று என்னையே பார்த்துச் சிரித்தது மாதிரி இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்தச் சிக்கனத்தில் வைத்துக்கொண்டேன். இருந்தாலும் மனம் கேட்காமல், வருவது வரட்டும் என்று பில்களை அப்படியே சான்று அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னேன். அவர்களும் அதைப் பார்த்துவிட்டு, இது மனிதர்கள் குடியிருக்கும் வீடுதானா, காலி வீட்டுக்குச் சான்று தருவதில்லையே என்று சந்தேகப்பட்டு, ஒரு பரிசோதகரை அனுப்பி வைத்தார்கள்.

அவர் வந்தது வெயில் நேரம். மின்விசிறி போடாமல் இருப்பதற்காக நான் திரைகளை எல்லாம் இழுத்து மூடி வைத்திருந்தேன். அழைப்பு மணியையும் கழற்றி வைத்திருந்தேன், ஏனென்றால் அதன் சுவிட்சில் ஒரு குட்டி விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது. பரிசோதகர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். நான் கொல்லைப்பக்கம் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, வெளிச்சத்தை எதிர்பார்க்காமல் கைப்பழக்கத்திலேயே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பரிசோதகர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்து, ஆள் இல்லை என்று முடிவு கட்டித் திரும்பும்போது, "யாருப்பா அது, தம்பி, என்ன வேணும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மனிதர் வாசலில் இருந்த வாளியைத் தள்ளிக்கொண்டு ஓடியவர் தெருமுனை போய்த்தான் நின்றாராம். அவர் அனுப்பிய அறிக்கையில் இப்படி இருந்தது: 'குடியிருப்போர்: இல்லை. உள்ளே ஒரு குரல் மட்டும் கேட்டது.'

நான் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். மாப்பிள்ளையும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. தாளை வாங்கி, வாசலில் போய் நின்று, வெளிச்சத்தில் படித்துவிட்டு வந்தாள். "இத்தனை வருஷம் இந்த வீட்ல குடித்தனம் பண்ணியிருக்கேன். கடைசியில நான் வெறும் குரல்," என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால், போகிற போக்கில் கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தேன்.

மாப்பிள்ளைதான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மூன்று மாதம் இந்த வீட்டில் சாதாரண மனிதர்கள் வாழ்கிற மாதிரி வாழ்ந்து காட்ட வேண்டும். அதில் ஓடுகிற யூனிட்டை வீட்டின் வழக்கமான செலவு என்று அலுவலகம் எடுத்துக்கொள்ளும். பிறகு அதிலிருந்து குறைத்துக் காட்டி இலை வாங்கிக்கொள்ளலாம். "அத்தை எப்படிச் சொல்றாங்களோ அப்படி இருங்க மாமா. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்," என்று என்னைத் தனியாகவும் கேட்டுக்கொண்டார்.

சம்பந்தி, அந்த நாட்களில் நான் பட்ட பாடு தங்கள் எதிரிக்கும் வரக் கூடாது. ஹாலில் விளக்கு, சமையலறையில் விளக்கு, யாரும் இல்லாத அறையில் மின்விசிறி, போர்வைகளை வெளியே எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் பால், குளிக்க வெந்நீர். எங்கள் சமையலறைச் சுவர் மஞ்சள் நிறம் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குளியலறையில் விளக்கைப் போட்டு உள்ளே போனவன், அங்கே ஏற்கனவே யாரோ ஒரு கிழவர் நிற்கிறார் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். கண்ணாடி அங்கே இருப்பதே மறந்துவிட்டது. என் மனைவியோ வாசகசாலையிலிருந்து கை நிறைய நாவல்கள் எடுத்து வந்து, இருட்டின பிறகு விளக்கடியில் உட்கார்ந்து படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முக்காலியைப் போட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். ஒரு நாள் தாங்க முடியாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, "கரண்ட் போயிடுச்சு," என்றேன். அவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. "போனது கரண்ட் இல்லை, உங்க மானம்," என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் விரலை வைத்தபடி நான் ஃபியூஸைப் போடும்வரை காத்திருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. இது முழுக்க என் யோசனை, மாப்பிள்ளைக்கு இதில் பங்கில்லை. புதுக் கட்டடம் என்றால் கற்பனை வீட்டோடுதானே போட்டி? அந்தக் கற்பனை வீடு எரிப்பதில் பாதி என்ன, கால் பங்கிலேயே நான் குடித்தனம் நடத்திக் காட்டுவேனே. பழைய வீட்டுக்குச் சலுகை என்றார்கள், எனக்கு மட்டும் அந்தச் சலுகைதான் இடைஞ்சல். வீடு புதிதாகிவிட்டால் விளக்குப் போட வேண்டியதில்லை, வெந்நீர் வேண்டியதில்லை, மூன்று இலையும் வாசலுக்கு வரும். சரி, பழைய வீடு எப்போது புதிய வீடாகும் என்று மாப்பிள்ளையைச் சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். "வெளிச்சுவர்ல பாதிக்கு மேல இடிச்சுட்டா அது புதுக் கட்டடம் கணக்குல போயிடும் மாமா," என்றார் பாவம், எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல்.

என் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து மேஸ்திரியை வரவழைத்தேன்.

"சார், இப்பத்தான பூசினோம். ஈரமே காயலை," என்றார் அவர்.

"அதனால என்ன. இடிங்க."

"வேலை பிடிக்கலையா சார்?"

"வேலை பிடிச்சிருக்கு. விதிதான் பிடிக்கல."

எந்த விதியைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை, பெருமூச்சு விட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். சமையலறையின் வெளிச்சுவர் போயிற்று. ஹால் சுவர் போயிற்று. படுக்கையறைச் சுவருக்கு வந்தார். அதில் என் மனைவியின் கண்ணாடியும் அதன் கீழே அவள் சீப்பு வைக்கிற பலகையும் இருந்தன. மேஸ்திரி சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சம்மட்டியைக் கீழே வைத்தார். "இது அம்மா ரூம் சார். அம்மா வந்து சொல்லட்டும், இடிக்கிறேன்," என்றார். வீட்டுக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று எடுத்துச் சொன்னேன். "அது பத்திரத்துல சார்," என்றார். நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

தெருவில் நின்றபடியே அவளுக்குத் தன் அடுப்பு தெரிந்தது. அடுப்பின் மேல் காலையில் அவள் மூடி வைத்துவிட்டுப் போன பாத்திரம் தெரிந்தது. அதன் மேல் செங்கல் தூள். "லைட்டைப் போடச் சொன்னதுக்கா வீட்டை இடிச்சீங்க?" என்றாள். நான் விதியை விளக்க ஆரம்பித்தேன், பழைய கட்டடத்துக்கு இவ்வளவு, புதிய கட்டடத்துக்கு இவ்வளவு என்று. அவள் கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போய், துணிகளைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து, கதவை ஒழுங்காகப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கள் வீட்டுக்குப் புறப்பட்டு வந்துவிட்டாள். பக்கத்தில் சுவரே இல்லாத வீட்டின் கதவை எதற்குப் பூட்டினாள் என்று கேட்க மேஸ்திரிக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை நாடாவோடு வந்து அளந்தார். பாதிக்கு இரண்டு முழம் குறைகிறதாம். படுக்கையறைச் சுவர் நிற்கிறதல்லவா. "மாமா, விதிப்படி இது இன்னும் பழைய வீடுதான். சுவர் இல்லாத பழைய வீடு," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நாடாவைச் சுருட்டினார். ஆக என் வீடு இப்போது பழசும் இல்லை, புதுசும் இல்லை, இரண்டும் கெட்டான். போட்டியும் பழையபடி என் பழைய பில்லோடுதான்.

அன்றிலிருந்து நான் வீட்டில் இருக்கிறேனா, தெருவில் இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சாப்பிடும்போது போகிறவர் வருகிறவர் எல்லோரும் "சாப்பாடா?" என்று நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நேற்று ஒருவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு டீ, சர்க்கரை கம்மியா," என்றார். புதிதாகக் கடை திறந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். விளக்கம் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு போட்டுக் கொடுத்தேன், பாலில்லாத டீ, குடித்துவிட்டு, கடை ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றுக்கும் குறைவில்லை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை. மீட்டர் நின்றேவிட்டது என்று சொல்லலாம். முதல் நாள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் நாள் போய்ப் பார்க்கவே தோன்றவில்லை. அணைப்பதற்கு அங்கே எதுவும் எரியவில்லை, ஏன் அணைத்தீர்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. எனக்கு அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை, சம்பந்தி. தங்களுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆகவே, தாங்கள் அவளிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாளைக்கே மேஸ்திரி வந்து இரண்டு சுவரையும் முன்பு இருந்த மாதிரியே, அதே மஞ்சள் நிறத்தில் எழுப்பிவிடுவார். இலைக்கு விண்ணப்பித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறேன். தங்கள் வாசலில் மூன்று இலையும் தனியாகவே ஜொலிக்கட்டும். இனிமேல் நான் எந்த சுவிட்சையும் தொடமாட்டேன். அதற்காகக் கையைக் கட்டிப்போடச் சொன்னாலும் சம்மதம். அவள் வந்தால் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். அவர்கள் இருக்கும் இடத்தில் என்றைக்கும் குறைவில்லாமல் வெளிச்சம் இருக்கட்டும், பில் மிதமாக வரட்டும். 

இப்படிக்கு,
தங்கள் அன்பை வேண்டும்,
சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். இதை மடித்து உறைக்குள் போடப் போகிற நேரத்தில், பொழுது சாய்கிற வேளையில், அவளே பையோடு வந்து நிற்கிறாள். தங்கள் மேலோ சம்பந்தியம்மா மேலோ அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம், எல்லோரும் தாங்கு தாங்கென்று தாங்கினீர்களாம். விருந்தினர் அறையில் இருக்கிற, ஆள் அசைந்தால்தான் விளக்கை எரியவிடுகிற அந்த மெஷினோடுதான் அவளுக்கு ஒத்துப்போகவில்லை. "அசையாம உட்கார்ந்து நாலு பக்கம் படிச்சா, ஆள் இல்லைன்னு லைட்டை அணைச்சுடுது. படிக்கணும்னா ஒரு கையை ஆட்டிக்கிட்டே படிக்க வேண்டியிருக்கு. அதுக்கு நீங்களே தேவலை. உங்களோட சண்டையாவது போடலாம்," என்கிறாள். வந்ததும் வராததுமாக ஹால் விளக்கைப் போட்டுவிட்டாள். சுவரையும் பழையபடி கட்டக் கூடாதாம், அந்த இடம் பூராவும் ஜன்னல் வேண்டுமாம், தன் அறைக்கும் அதே மாதிரி வேண்டுமென்று அந்தச் சுவரையும் நாளைக்கு இடிக்கச் சொல்லி மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆக, நாளை முதல் எங்களுடையதும் விதிப்படி புது வீடு. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லவும். அப்புறம் ஒரு விஷயம், இது நமக்குள் இருக்கட்டும். தங்கள் விருந்தினர் அறையில் இருக்கிற அந்த மெஷின் மாதிரி ஒன்றை மாப்பிள்ளையிடம் சொல்லி, சத்தமில்லாமல் எனக்கு அனுப்பி வைக்க முடியுமா? ஹாலுக்கு மட்டும் போதும். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

சம்பந்தி அண்ணா, இது நான் எழுதுகிறேன், இவர் கையிலிருந்து பேனாவை வாங்கிவிட்டேன். இவர் கேட்டதை அனுப்பிவிடாதீர்கள். நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு எரிகிறதால், இவர் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் இங்கிருந்தே எனக்கு நன்றாகத் தெரிகிறது.